பதினேழாம் ஜோடி

மார்ச் 4, செவ்வாய்

கிடைத்துவிட்டார்கள்! இரட்டையர்! அதுவும் அச்சு அசலாக ஒரே முகம்!

கை பரபரக்கிறது. வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும். எங்கள் ஆஸ்பத்திரி இதயப் பிரிவின் ஆராய்ச்சியில் கள உதவியாளராகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. இதயக்குழாயில் அடைப்பு வந்த ஒருவரையும், அதே குடும்பத்தில் அடைப்பு வராத ஒருவரையும் ஜோடியாகப் பிடிப்பது என் வேலை. இரண்டு பேரிடமும் ரத்தம் வாங்க வேண்டும், அப்புறம் மலம் வாங்க வேண்டும். குடலில் குடியிருக்கும் கோடானுகோடி கிருமிகளுக்கும் இதய அடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டர் ஷமீமா தேடிக்கொண்டிருக்கிறார்.

ரத்தம் கேட்டால் கையை நீட்டிவிடுவார்கள். மற்றதைக் கேட்டால்தான் வம்பு. ஒரு ரிட்டயர்டு தாசில்தார் என்னை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திட்டினார். ஒரு அம்மா, ஏதோ பரீட்சை என்று நினைத்து, மூன்று நாள் கீரையும் கொய்யாப்பழமுமாகத் தின்றுவிட்டு, "இப்ப சுத்தமா இருக்கும்மா, கொண்டு போ" என்று டப்பாவைக் கொடுத்தார். அதைச் சேர்க்க முடியாது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

இன்று காலை ஓ.பி. வரிசையில் சங்கரன் என்று ஒருவர். வயது நாற்பத்தொன்பது. இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து, டாக்டரம்மா இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அவர் பெயரை எழுதிவிட்டு டீ குடிக்க வெளியே போகிறேன், ரோட்டோரம் நின்ற மைக்செட் வேனுக்குள் அதே ஆள் உட்கார்ந்து முட்டைபோண்டா தின்கிறார்! இப்போதுதானே உள்ளே பார்த்தேன்! ஓடிப்போய்க் கேட்டால், "அது எங்க அண்ணன். நான் நாராயணன். ஆறு நிமிசம் சின்னவன்" என்று சிரிக்கிறார். சங்கரன்கோவிலில் நேர்ந்து பிறந்த பிள்ளைகளாம். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். கேட்டைத் தாண்டி வரவே மாட்டேன் என்றுவிட்டார். வெயில் அவருக்குப் பழக்கம்போல.

டாக்டரம்மா கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஆவுடை, ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒருத்தருக்கு அடைப்பு, ஒருத்தருக்கு இல்ல. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார். குடலில்! என்று நான் கத்திய கத்தலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

இதுவரை பதினாறு ஜோடி. இவர்கள் பதினேழாம் ஜோடி.

மார்ச் 7, வெள்ளி

அக்கா பிரம்மசக்தி காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். மாடி வீட்டுக்காரி நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாளாம். ஹார்ட் டிபார்ட்மென்ட் என்று சொல்லியிருக்கிறாள். "எந்த மெஷின்னு கேட்டா நான் என்னத்தட்டி சொல்ல? டப்பா வாங்குதான்னா?" என்று என் மேல் பாய்ந்தாள். சொல்லேன், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

மார்ச் 12, புதன்

பேட்டையில் அவர்கள் வீடு. கீழே 'சங்கரநாராயணா ஒலி ஒளி', மேலே குடும்பம். ஆம்ப்ளிபையர், ஒயர், சீரியல் லைட் என்று கால் வைக்க இடமில்லை. காலையில் ஆளுக்கு மூன்று முட்டை, வாரத்தில் மூன்று நாள் ஆட்டுக்கறி, ஞாயிற்றுக்கிழமை ஈரல். இரண்டு பேர் தட்டிலும் ஒரே அளவு.

எதற்கு இந்தச் சோதனை என்று நாராயணன் அண்ணாச்சி கேட்டார். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். கறியிலும் முட்டைக்கருவிலும் இருக்கிற சில சத்துகளைக் குடலில் சில கிருமிகள் தின்றுவிட்டு ஒரு வாயுவை விடும். அழுகின மீன் வாடை அடிக்கும் வாயு. ஈரல் அதைப் பிடித்து டி.எம்.ஏ.ஓ. என்று இன்னொன்றாக மாற்றி ரத்தத்தில் விடும். அது ரத்தத்தில் கூடினவர்களுக்கு இதய அடைப்பும் அதிகம் வருவதாகப் பல ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதுதான் காரணமா, இல்லை கூடவே நிற்கிற வேறு ஏதாவதா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

"அப்ப எங்க வயித்துக்குள்ளயும் ஒரு மைக்செட்டு ஓடுதுன்னு சொல்லுங்க" என்றார். சங்கரன் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். பெரியவர் உம்மென்று இருப்பார், சின்னவர் சிரித்துக்கொண்டே இருப்பார். அதை வைத்தே எனக்கு இரண்டு பேரையும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுப் பெண்களே தடுமாறுவார்களாம். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. (ஒருமுறை மட்டும் பெரியவர் டப்பாவைச் சின்னவர் கையில் கொடுத்துவிட்டேன். அது வெளிச்சம் போதாததால்.)

கூட வந்த நர்ஸ் இரண்டு பேருக்கும் என் கண் முன்னாலேயே ரத்தம் எடுத்தாள். டப்பாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒட்டுச்சீட்டில் பெயரை அவரவர் கையாலேயே எழுத வைத்தேன். ஐஸ் பெட்டிக்குள் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன், சாமி நகை தூக்கிக்கொண்டு போவதுபோல.

கிளம்பும்போது நாராயணன் அண்ணாச்சி மாடிப்படியில் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதியில் நின்று தாடையைப் பிடித்துக்கொண்டார். பல்வலியாம், பெட்டியை இறக்கினால் போய்விடுமாம். கிராம்புத் தைலம் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

அடைப்பு இல்லை என்று ஆராய்ச்சியில் எழுத வேண்டுமானால் சின்னவர் ஆஸ்பத்திரிக்கு வந்து டிரெட்மில்லில் நடக்க வேண்டும். போனில் சொன்னேன். பெரியவர்தான் எடுத்தார். "தம்பி ஆஸ்பத்திரிக்குள்ள கால் வைக்க மாட்டான் மேடம். எங்க அப்பா ஒரு ஆஸ்பத்திரிக்கு அவன் கையப் புடிச்சி நடந்துதான் போனாரு. திரும்பி நடந்து வரல" என்றார்.

நான் விடவில்லை. கெஞ்சினேன். டாக்டரம்மா ஆசையாகக் காத்திருக்கிறார் என்றேன். இரட்டையர் ஜோடி வேறு எங்கும் கிடைக்காது என்றேன். அப்புறம், "உசுரு குடுத்தவங்க கேக்காங்க. மாட்டேங்க முடியுமா? அடுத்த வெள்ளிக்கிழம வருவான்" என்றார்.

என் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்!

மார்ச் 21, வெள்ளி

நாராயணன் அண்ணாச்சி வந்தார், நடந்தார், ஜெயித்தார்!

தனியாகவே வந்துவிட்டார். பயந்த ஆள் மாதிரியே இல்லை. வழி கேட்காமல் நேரே டிரெட்மில் அறைக்குப் போனார். டெக்னீஷியன் சொல்லும் முன்பே சட்டையைக் கழற்றிவிட்டு ஒயர் ஒட்டுவதற்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன சூட்டிகை! நடுவில் ஒரு மாத்திரையை வாயில் போட்டார். என்ன என்று கேட்டேன். சத்து மாத்திரையாம். பன்னிரண்டு நிமிடம் நடந்தார். வழிநெடுகச் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்திருந்தார். அதற்காகத் திருப்பி அனுப்புவதா? "இவரை எனக்கு நேரில் தெரியும்" என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

ரிப்போர்ட்டில் அடைப்புக்கான அறிகுறி இல்லை. கீழே பொடி எழுத்தில், நாடித்துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, மறுபடி செய்து பார்க்கலாம் என்று ஒரு வரி. உழைக்கிற உடம்பு, துடிப்பு அமைதியாகத்தான் இருக்கும். மறுபடி கூப்பிட்டால் வருவாரா? ஃபைலில் வைத்துவிட்டு, டாக்டரம்மாவிடம் "நார்மல் மேடம்!" என்றேன். அவர் கையைத் தட்டினார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஆய்வகத்திலிருந்து இன்னும் வரவில்லை. பதினெட்டாம் ஜோடிக்காரர்கள் வீட்டில் நாய். தப்பித்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரவில்லை. டாக்டரம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை மெயில் பார்க்கிறார். நான் ஐந்து தடவை அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தார். எந்தக் கிருமி எவ்வளவு என்று நிறம் நிறமாகப் பட்டை. மற்ற ஜோடிகளில் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். இதில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டலாம். "இரட்டையருக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும். இவ்வளவா? ரெண்டு டப்பாவும் ஒரே ஆளோடதா ஆவுடை?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதத்தில் என் டப்பாவை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ரத்தமும் குழப்புகிறதாம். டி.எம்.ஏ.ஓ. இரண்டு பேருக்கும் எக்கச்சக்கம், சின்னவருக்கு இன்னும் கூட. கொழுப்பும் அவருக்குத்தான் கூட. ஃபைலை வாங்கிப் புரட்டியவர் அந்தப் பொடி எழுத்தில் நின்றார். "பல்ஸ் நூத்திப்பத்தைத் தாண்டலையே. மாத்திரை சாப்பிடுற ஹார்ட் பேஷன்ட்டுக்குத்தான் இப்படி இருக்கும். இவரு மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னுதானே எழுதியிருக்க?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு ஏதோ உறுத்தியது. மதியம் சாப்பிடாததால் இருக்கும்.

நாளைக்கு நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன். அவர்கள் டப்பாவில் மோசடி செய்வதற்கா இவ்வளவு தூரம் நடந்தேன்?

ஏப்ரல் 29, செவ்வாய்

எங்கே தொடங்குவது! என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

கடை பூட்டியிருந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழா, அங்கே மைக்செட் என்றார்கள். போனேன். பந்தல் நிறையச் சனம். வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் ஆம்ப்ளிபையர் பக்கத்தில் ஒருவர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். வெளியே பனை உயரக் கம்பத்தில் ஒருவர் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்.

கீழே இருந்தவரிடம் நேரே கேட்டேன். "அண்ணாச்சி, ரெண்டு டப்பாவும் யாரோடது?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கிய! அவன் குடுத்தது அவனோடது, நான் குடுத்தது என்னோடது. இந்தா அம்மன் சன்னதியில நிக்கேன். நாங்க சின்னதுலேர்ந்து எவ்வளவோ ஆள் மாத்தியிருக்கோம். இதுல மட்டும் மாத்தல."

"இதுல மட்டும்னா? வேற எதுல மாத்துனீங்க?"

அவர் ஆம்ப்ளிபையர் குமிழைத் திருக ஆரம்பித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லாமலே வந்து நின்றது எல்லாம். வழி கேட்காமல் போன கால், தானாகக் கழன்ற சட்டை, சத்து மாத்திரை.

"அன்னைக்கு மெஷின்ல நடந்தது நீங்களா?"

"அவன் வரமாட்டேன்னு அழுதான் மேடம். நாப்பத்தொன்பது வயசு ஆம்பள, குழந்த மாதிரி அழுதான். டாக்டரம்மா கிட்டயும் இல்லன்னு சொல்ல முடியல. சும்மா நடக்கதுதானேன்னு நான் போயிட்டேன். அவனுக்குத்தான் ஒண்ணுமில்லையே, பல்லுவலி தவிர."

பல்வலி! பெட்டியைத் தூக்கினால் வரும், இறக்கினால் போகும் பல்வலி. பதினைந்து மாதமாக இதயப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறும்போது தாடையில் வரும் வலி என்றால் என்னவென்று சுவரில் படமே ஒட்டியிருக்கிறது. நான் கிராம்புத் தைலம் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் கம்பத்தின் உச்சியில் அவர் ஒரு கையால் தாடையைப் பிடித்திருக்கிறார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதறாம, மெதுவா இறக்கு. நடக்க விடாத, வண்டியில கொண்டு வா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

"ஏலே நாராயணா, எறங்குல!" என்று அண்ணன் கத்தினார். மேலே கேட்கவில்லை. கேட்டபோது, எதற்கு என்றார். ஆஸ்பத்திரிக்கு என்று அண்ணன் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், கம்பத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார். "வரமாட்டேன். நான் நல்லாத்தான் இருக்கேன். மிசினே சொல்லிட்டுல்லா!"

மைக்கைப் பிடுங்கினேன். எப்படித் தைரியம் வந்ததோ!

"நாராயணன் அண்ணாச்சி, ஆவுடை பேசுதேன். மெஷின் உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல. மெஷின்ல நடந்தது உங்க அண்ணன். அது உங்களுக்கும் தெரியும். ஆனா உங்க ரத்தம் உங்களோடது, அது சரியில்ல. டாக்டரம்மா வரச் சொல்லுதாங்க." என் குரல் ஊர் முழுக்கக் குழாய் குழாயாகப் பேசியது. எனக்கே பயமாக இருந்தது. ஆனால் நிறுத்தினால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்று தெரியும். "இன்னொண்ணு அண்ணாச்சி. உங்க ரெண்டு பேரையும் எனக்கு அடையாளம் தெரியாது. தெரியும்னு கையெழுத்துப் போட்டேன். பொய். சிரிச்சா சின்னவர்னு நெனச்சுக்கிட்டேன். உங்க அண்ணன் சிரிச்சிட்டு வந்தாரு, ஏமாந்துட்டேன். தப்பு எம்மேல. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்? எறங்குங்க. உள்ள வந்தப்புறம் உங்க கையை நான் விடமாட்டேன்."

வில்லுப்பாட்டு நடத்தும் அண்ணாவி வில்லடிக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டார். சாமி கும்பிட வந்த ஒரு அம்மா, "எறங்குய்யா, அந்தப் பிள்ள அழுது பாரு" என்றார். அப்போதுதான் நான் அழுவது எனக்குத் தெரிந்தது.

அவர் இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று இறங்கினார். கால் தரையில் பட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள்! அண்ணனும் நானுமாக அவரை மைக்செட் வேனில் படுக்க வைத்தோம். வேனின் மேல் குழாயில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டே வந்தது, யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. கேட் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு கையை அண்ணன் பிடித்திருந்தார், ஒரு கையை நான்.

ஏப்ரல் 30, புதன்

ஆஞ்சியோகிராம். மூன்று குழாயில் அடைப்பு. இடப்பக்க முக்கியக் குழாயில் தொண்ணூறு சதவீதம். இன்னும் ஒரு கொடை தாங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. திங்கட்கிழமை பைபாஸ்.

மே 2, வெள்ளி

மெமோ கொடுத்தார்கள். தெரியாத ஆளைத் தெரியும் என்று கையெழுத்திட்டதற்கும், ரிப்போர்ட்டின் கடைசி வரியை மறைத்ததற்கும். மறைத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மறந்தேன் என்று பதில் எழுதினேன். அப்புறம் கிழித்துவிட்டு, மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

டாக்டரம்மா வாங்கிப் படித்தார். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி அட்டை இல்லாமல் ஒருவரையும் ஏற்றக் கூடாது என்றார். பதினேழாம் ஜோடியின் மேல் கோடு போடச் சொன்னார். இரண்டு பேருமே நோயாளிகள், ஜோடி உடைந்துவிட்டது. கோடு போடும்போது மனசு வலித்தது, பொய் சொல்வானேன். அப்படியானால் கிருமிதானே இவரைக் காட்டிக்கொடுத்தது என்று கேட்டேன். "அப்படிச் சொல்லிடாத. ஒரு ஜோடியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கிருமியைப் பார்த்து நமக்குச் சந்தேகம் வந்துச்சு, நாம கேள்வி கேட்டோம், அவ்வளவுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ரெண்டு படமும் என்ன ஒத்துமை ஆவுடை!" என்று அவரே மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் கையை விடவில்லை. அதற்கு மேல் என்னை விடமாட்டார்கள்.

சங்கரன் அண்ணாச்சி அந்தக் கதவுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கொடுத்துவிட்ட இட்லியைப் பிரித்து வைத்தேன், தொடவில்லை. பதினொரு மணி இருக்கும், கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல அவனுக்கு அடி விழும்னா நான் போயி கைய நீட்டுவேன். லைசென்சு வாங்குனப்போ அவனுக்காக நான்தான் எட்டு போட்டேன். மிசின்லயும் நான்தான் நடந்தேன். இப்ப அவனுக்குப் பதிலா நான் படுக்க முடியலையே மேடம்."

பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

மதியம் ஒன்றரைக்குக் கதவு திறந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தது, இதயம் தானாகத் துடிக்கிறது என்றார் சர்ஜன். அண்ணாச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஆறிப்போன பத்து இட்லியையும் தின்று தீர்த்தோம்.

மே 7, புதன்

இன்று வார்டில் அவரை எழுப்பி நிறுத்தினார்கள். அண்ணன் தாங்கிக்கொள்ள ஓடினார். வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டார்.

கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பதினோரு அடி. அவரே நடந்தார்.